கெடு முடிந்த மறுநாள்

என் தாத்தா பதினொரு நாள் தாமதமாகப் போனார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதினொரு நாளைப் பற்றிப் பேச்சு எழாத விசேஷம் கிடையாது.

1961-ல் பெரிய அத்தையின் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் தாத்தாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. அதை ஊரிலேயே வசதியான ஒருவருக்கு எழுதிக்கொடுத்து 1,800 ரூபாய் வாங்கினார். பதிவானது சுத்தக் கிரயப் பத்திரம். கூடவே தனி முத்திரைத்தாளில் ஒரு உடன்படிக்கை: மூன்று வருஷத்துக்குள் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தை மறுகிரயம் செய்து தர வேண்டியது. வட்டி என்று எதுவும் இல்லை, அதுவரை விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார். 1964 தை மாதம் கெடு. அந்த வருஷம் அறுப்பு தள்ளிப்போய், நெல்லுக்குக் காசு கைக்கு வர நாளாகிவிட்டது. மஞ்சள் பையில் பணத்தோடு போன தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, அவர் சொன்னாராம்: "கெடு முடிஞ்சுபோச்சேய்யா. நான் என்ன பண்ணட்டும், பத்திரம் அப்படித்தானே இருக்கு."

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பத்திரம் அப்படித்தான் இருந்தது.

1992-ல் நான் வங்கியில் அடமானக் கடன் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு தாள்களையும் ஜெராக்ஸ் போட்டு, எங்களுக்குப் பத்திரம் பார்த்துத் தரும் வக்கீலிடம் காட்டினேன். விளையாட்டாகத்தான். அவர் இரண்டையும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பேப்பரா எழுதிட்டாங்களே சார். அந்த மறுகிரய ஷரத்து மட்டும் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்திருந்தா, இது விற்பனையில்லை, அடமானம்னு வாதாடியிருக்கலாம். அடமானம்னு ஆகிட்டா முப்பது வருஷம் டைம். இன்னிக்குக்கூட ரெண்டு வருஷம் பாக்கி இருந்திருக்கும்."

பதினொரு நாள் ஒரு பக்கம், முப்பது வருஷம் இன்னொரு பக்கம். நடுவில் இருப்பது ஒரு தாளா இரண்டு தாளா என்பது மட்டும். கெடு முடிந்த பிறகும் மீட்கலாம் என்று பத்திரத்தில் எழுதாத ஒரு உரிமையை யார், எப்போது, எந்தத் தைரியத்தில் கண்டுபிடித்தார்கள்? ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து தேடினேன். அது என்னை லண்டனுக்குக் கொண்டுபோனது.

*

இங்கிலாந்தில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அரசனின் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்குமான ஒரே சட்டத்தை உருவாக்கின. அதுதான் காமன் லா. அதன் வாசலில் நுழைய ரிட் என்கிற சீட்டு வேண்டும். ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒவ்வொரு ரிட். உன் துயரத்துக்குப் பொருந்தும் ரிட் இல்லையென்றால் உனக்கு வழக்கே இல்லை. புதுப்புது ரிட்டுகள் எழுதித் தந்துகொண்டிருந்த அரசனின் சான்சலர் அலுவலகத்தையும் 1258-ல் பிரபுக்கள் சேர்ந்து கட்டிப்போட்டார்கள். அரசனும் அவையும் ஒப்பாமல் புது ரிட் கூடாது என்றார்கள்.

காமன் லா மோசமான சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜூரி இருந்தது, முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய விதிகள் இருந்தன. ஆனால் எழுத்து என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு அப்பால் அது பார்க்காது. கடனுக்கு முத்திரையிட்ட பத்திரம் எழுதிக் கொடுக்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, பத்திரத்தைத் திரும்ப வாங்கிக் கிழிக்க மறந்துவிட்டீர்கள். அவர் மறுபடி வழக்குப் போட்டால் மறுபடி கட்ட வேண்டியதுதான். கொடுத்தீர்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் சரி.

நிலத்தை வைத்துக் கடன் வாங்குவதும் எங்கள் தாத்தா செய்ததைப் போன்றதுதான். நிலத்தை முழுதாகக் கடன் கொடுப்பவர் பேருக்கு மாற்றிவிட வேண்டும். குறித்த நாளில், குறித்த இடத்தில் பணத்தைக் கட்டினால் நிலம் திரும்பும். அன்று சூரியன் விழுந்துவிட்டால் நிலம் போனது போனதுதான். 15ஆம் நூற்றாண்டில் நில உரிமை பற்றி நூல் எழுதிய நீதிபதி லிட்டில்டன், மார்ட்கேஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'செத்த பிணை' என்று விளக்கம் தருகிறார். கட்டாவிட்டால் நிலம் வாங்கியவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கொடுத்தவனுக்குச் செத்தது. நம் பக்கத்தில் இதே ஏற்பாட்டுக்குப் பழைய பத்திரங்களில் உள்ள பெயர் அவதிக்கிரயம். அவதி என்றால் கெடு. துன்பம் என்றும் பொருள் உண்டு. பத்திர எழுத்தர்கள் அதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள்.

ரிட் கிடைக்காதவர்கள், கிடைத்தும் தோற்றவர்கள், எதிராளி பெரிய மனிதன் என்பதால் ஜூரிக்கு அஞ்சியவர்கள் எல்லோரும் கடைசியில் அரசனிடம் மனுப் போட்டார்கள். அரசன் அவற்றைச் சான்சலரிடம் தள்ளினான். சான்சலர் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பிஷப். பாவமன்னிப்புக் கேட்பவனிடம் பேசிப் பழகியவர். ஆகவே அவர் விசாரித்த முறையே வேறாக இருந்தது. ஜூரி கிடையாது. பிரதிவாதிக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, சத்தியம் வாங்கி, நேரே அவன் வாயைக் கிளறுவார். பணம் வந்ததா இல்லையா? வந்த பிறகும் எந்த மனசாட்சியோடு மறுபடி கேட்கிறாய்?

அவர் காமன் லா தீர்ப்பைத் தவறு என்று சொல்லவே மாட்டார். தீர்ப்பு உன் பக்கம்தான், ஆனால் அதை நீ பயன்படுத்தக் கூடாது என்று அந்த ஆளுக்கு மட்டும் ஆணையிடுவார். மீறினால் ஃப்ளீட் சிறை. இந்தத் தடை ஆணைதான் இன்றைக்கு நம் முன்சீப் கோர்ட்டுகளில் தினமும் கேட்கும் இன்ஜங்ஷன். இந்த வழியில் வளர்ந்த நெறிகளின் தொகுப்புக்கு ஈக்விட்டி என்று பெயர் வந்தது. தமிழில் சமநீதி, நேர்மைநெறி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. அரிஸ்டாட்டில் சொன்ன உவமைதான் பிடித்திருக்கிறது. லெஸ்போஸ் தீவின் கொத்தனார்கள் ஈயத்தால் ஆன அளவுகோலை வைத்திருந்தார்களாம். கல்லின் வளைவுக்கு ஏற்ப அது வளைந்து கொடுக்குமாம்.

*

வளையும் அளவுகோலை யார் கையில் கொடுப்பது? இங்கேதான் சண்டை தொடங்கியது.

1529-ல் சான்சலரான தாமஸ் மோர் பிஷப் அல்லர், காமன் லா படித்த வழக்கறிஞர். அவர் போடும் தடை ஆணைகளைப் பற்றி நீதிபதிகள் முணுமுணுக்கிறார்கள் என்று காதுக்கு வந்ததும், அவர்கள் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார். அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும், தான் பிறப்பித்த ஆணைகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார். எங்களாலும் வேறு மாதிரி செய்திருக்க முடியாது என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் உங்கள் மன்றத்திலேயே சட்டத்தின் கடுமையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நான் இனி ஒரு ஆணையும் போடமாட்டேன் என்றார் மோர். அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏன் என்று பிறகு ரோப்பரிடம் மோர் விளக்கினார். முடிவை ஜூரியின் தலையில் போட்டுவிட்டால் பழி தங்கள் மேல் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. நான் என்ன பண்ணட்டும், பத்திரம் அப்படித்தானே இருக்கு. விதியைக் கறாராகப் பிடித்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. முடிவு செய்த ஆளாக நாம் இருக்க வேண்டியதில்லை.

சண்டை உச்சத்துக்கு வந்தது 1615-ல். கேம்பிரிட்ஜின் மாக்டலீன் கல்லூரிக்கு லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் கொஞ்சம் நிலம் இருந்தது. கல்லூரிகள் நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்ததால், 1570களில் ஒரு தந்திரம் செய்தார்கள். நிலத்தை எலிசபெத் அரசிக்கு எழுதிக்கொடுக்க, அரசி அதை பெனடிக்ட் ஸ்பினோலா என்ற ஜெனோவா வணிகருக்குக் கொடுத்தார். அரசியைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது கணக்கு. பிறகு அதை ஆக்ஸ்போர்டு பிரபு எட்வர்ட் டி வேர் வாங்கினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை உண்மையில் எழுதியவர் இவர்தான் என்று இன்றும் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அவரேதான். காலப்போக்கில் அங்கே 130 வீடுகள் எழும்பின. அதற்குப் பிறகு கல்லூரியின் தலைவர் விழித்துக்கொண்டார். அன்று நாங்கள் எழுதிக் கொடுத்ததே செல்லாது, நிலமும் வீடுகளும் எங்களுக்கே என்று அவர் தரப்பு வழக்காடியது. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் அதை ஏற்றார். சட்டத்தின் எழுத்துப்படி அவர் சொன்னது சரி.

பிரபுவின் மகன் சான்சரிக்குப் போனார். சான்சலர் எல்ஸ்மியர், காமன் லாவில் ஜெயித்தவர்களைப் பதில் சொல்ல அழைத்தார். எங்களிடம் தீர்ப்பு இருக்கிறது, நாங்கள் ஏன் வரவேண்டும் என்று அவர்கள் மறுக்க, தூக்கி ஃப்ளீட் சிறையில் போட்டார். தானே விற்று, பார்த்துக்கொண்டிருக்க வீடு கட்டவிட்டு, பிறகு விற்பனை செல்லாது என்று சொல்லி வீட்டையும் எடுத்துக்கொள்வதை மனசாட்சி ஒப்பாது என்பது அவர் நிலை. கோக் பொங்கினார். தீர்ப்புக்குப் பிறகு சான்சரியில் வழக்காடியவர்கள்மீது குற்ற வழக்குகள்கூடத் தொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் விவகாரம் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் போனது. அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பேக்கனின் ஆலோசனையோடு, 1616 ஜூலையில், காமன் லாவும் ஈக்விட்டியும் மோதினால் ஈக்விட்டியே மேல் என்று மன்னர் முடிவு சொன்னார். அந்த நவம்பரில் கோக் பதவி இழந்தார்.

இதை மனசாட்சியின் வெற்றி என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. ஜேம்ஸுக்கு மனசாட்சியைவிடத் தன் அதிகாரம் முக்கியம். சான்சலர் அவருடைய ஆள், கோக் அடங்காதவர். அடுத்து சான்சலராக வந்த அதே பேக்கன், 1621-ல், வழக்காடுபவர்களிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். வளையும் அளவுகோல் எந்தப் பக்கமும் வளையும். ஜான் செல்டன் என்ற அறிஞரின் கிண்டல் இன்றுவரை பிரபலம்: சான்சலரின் பாதத்தையே அடிக்கோலாக வைத்துக்கொள்வது மாதிரி இருக்கிறது, ஒருவருக்கு நீளப் பாதம், ஒருவருக்குக் குட்டைப் பாதம் என்று.

இந்தக் களேபரத்துக்கு நடுவே, அதிகம் பேசப்படாமல் ஒன்று நடந்தது. கெடு தாண்டியவர்களுக்குச் சான்சரி முன்பே உதவியதுண்டு. வெள்ளம், நோய், வழியில் கொள்ளை என்று தக்க காரணம் இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அது காரணம் கேட்பதையே விட்டுவிட்டது. நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? கடனுக்கு ஈடாக. அசலும் வட்டியும் செலவும் வந்துவிட்டால் கொடுத்தவருக்கு என்ன நஷ்டம்? ஆகவே கெடு தாண்டினாலும் மீட்கலாம், யாரும் மீட்கலாம். இதற்கு மீட்பு ஈக்விட்டி என்று பெயர். அமெரிக்காவில் இருக்கும் என் மகள் 'வீட்டுல எங்களுக்கு இவ்வளவு ஈக்விட்டி இருக்குப்பா' என்று போனில் சொல்கிறாளே, அந்தச் சொல் இங்கிருந்து போனதுதான். எல்லாக் கெடுவையும் சான்சரி உடைத்தது என்பதும் இல்லை. கடன் கொடுத்தவர் நிரந்தரமாகக் காத்திருக்க முடியாது என்பதால், நீதிமன்றத்துக்கு வந்து கடைசித் தேதி ஒன்று வாங்கிக்கொள்ள அவருக்கு வழி செய்தது. அது ஃபோர்குளோஷர். தேதியை அவர் தானே குறிக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மீட்கும் உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று கடன் வாங்கும்போதே எழுதிக் கொடுத்தால்? செல்லாது என்றார்கள். 1762-ல் ஒரு வழக்கில் சான்சலராக இருந்த நார்திங்டன் பிரபு காரணம் சொன்னார்: நெருக்கடியில் இருப்பவன் உண்மையில் சுதந்திரமானவன் அல்லன், அப்போதைய முடையைத் தீர்க்க எதிராளி என்ன கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவான். ஈக்விட்டி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பத்திர அலுவலக வாசலில் கையெழுத்துப் போட நிற்பவர்களை முப்பது வருஷம் பார்த்தவன் என்பதால் இருக்கலாம். ஆனால் அந்த வழக்கின் விவரத்தைத் தேடிப் படித்திருக்கக் கூடாது. அடமானம் வைக்கப்பட்டது ஆண்டிகுவா தீவில் ஒரு கரும்புத் தோட்டம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அடிமைகள். சுதந்திரமற்றவன் என்று சான்சலர் இரங்கியது தோட்ட முதலாளிக்காக.

*

பிறகு நடந்தது ஈக்விட்டிக்கு வயதான கதை. செல்டனின் கிண்டல் உறைத்ததாலோ என்னவோ, சான்சலர்கள் முன்தீர்ப்புகளைப் பின்பற்றத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால் நூற்றாண்டு சான்சலராக இருந்த எல்டன் பிரபு, பாதக்கணக்கு நீதி என்ற பழி தன் காலத்தில் வந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். வரவில்லை. தீர்ப்பும் வரவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். 1798-ல் உயில் எழுதாமல் இறந்த வில்லியம் ஜென்னன்ஸ் என்ற செல்வந்தரின் சொத்துத் தகராறு நூறு ஆண்டைத் தாண்டியது. சார்லஸ் டிக்கன்ஸ் 1844-ல் தன் கிறிஸ்துமஸ் கதையைத் திருடி அச்சிட்டவர்கள்மேல் சான்சரியில் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளிகள் திவாலாகிவிட, சுமார் 700 பவுண்டு செலவுதான் மிச்சம். 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் சான்சரியை அவர் போட்டு வாங்கியதில் சொந்தக் கணக்கும் உண்டு. 1873, 1875 சட்டங்கள் இரண்டு வகை நீதிமன்றங்களையும் ஒன்றாக்கின. மோதினால் ஈக்விட்டியே மேல் என்ற 1616-ன் முடிவு சட்டப் பிரிவாகவே ஏறியது.

சென்னைக்கு வருகிறேன். நகரத்துக்குள் 1801 முதல் இருந்த சுப்ரீம் கோர்ட்டுக்கு இங்கிலாந்து பாணியில் ஈக்விட்டி அதிகாரம் உண்டு. மாவட்டங்களில் கம்பெனியின் நீதிமன்றங்கள். அவற்றின் மேல்மன்றமான சென்னை சதர் அதாலத், 1858-ல், அவதிக்கிரயப் பத்திரங்களில் கெடு தாண்டினாலும் நிலத்தை மீட்கலாம் என்று தீர்ப்பளிக்கத் தொடங்கியது. 1862-ல் வந்த உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. சான்சரி இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததை இங்கே செய்தார்கள். எந்தச் சட்டமும் சொல்லாமல், தாங்களாக.

1870-ல், பட்டாபிராமையருக்கும் வெங்கடராவ் நாயக்கருக்கும் நடந்த வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தப்பு என்றது. மீட்பு ஈக்விட்டி இந்தியாவின் பழைய சட்டத்துக்குத் தெரியாதது. வங்காளத்தில் 1798, 1806 ஒழுங்குமுறைகள் அந்த உரிமையைக் கொடுத்திருக்கின்றன, சென்னைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே பத்திரத்தில் உள்ளபடிதான்.

இந்தத் தீர்ப்பின் சாரத்தைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். இங்கிலாந்தில் மட்டும் எந்தப் பழைய சட்டத்துக்கு அது தெரிந்திருந்தது? எந்த நாடாளுமன்றம் சான்சலருக்கு எழுதிக் கொடுத்தது? அங்கே துணிந்து செய்தது நெறியானது, இங்கே துணிந்தது அத்துமீறல் ஆனது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று பிறகு தோன்றியது. பழைய வழக்கத்தை நம்பி வாங்கி, விற்று, உழுதுகொண்டிருப்பவர்களின் நிலம் ஒரு தீர்ப்பில் ஆடிப்போய்விடும். 1875-ல் இன்னொரு சென்னை வழக்கில் பிரிவி கவுன்சிலே சங்கடப்பட்டது. 1858-க்குப் பிறகு நீதிமன்றங்களை நம்பிப் பத்திரம் எழுதியவர்களும் இருக்கிறார்களே. சட்டம் இயற்றித்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்றது.

1882-ல் சொத்து மாற்றுச் சட்டம் வந்தது. 58ஆம் பிரிவு அவதிக்கிரயத்தையும் அடமானமாகச் சேர்த்தது, 60ஆம் பிரிவு மீட்கும் உரிமையைக் கொடுத்தது. மீட்க வழக்குப் போடக் காலவரம்பு அப்போது 60 ஆண்டு, 1963-ன் சட்டத்தில் 30 ஆண்டானது. வக்கீல் சொன்ன முப்பது வருஷம் அதுதான்.

அவர் உதட்டைப் பிதுக்கியதற்குக் காரணம் 1929-ன் திருத்தம். எது நிஜ விற்பனை, எது விற்பனை வேஷம் போட்ட அடமானம் என்ற வழக்குகள் பெருகிப்போனதால், மறுகிரய ஷரத்து அதே பத்திரத்தில் இருந்தாலொழிய அடமானமாகக் கொள்ள முடியாது என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். வழக்குகளைக் குறைக்க வந்த வரி. கடன் கொடுப்பவர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, பத்திர எழுத்தர்கள் படித்துவிட்டார்கள். உருவத்தைப் பார்க்காதே, உள்ளே இருப்பதைப் பார் என்பது ஈக்விட்டியின் மூலவாக்கியங்களில் ஒன்று. அதன் பிள்ளையான ஒரு பிரிவு, தாள் ஒன்றா இரண்டா என்று எண்ணத் தொடங்கியது. இன்றும் கந்துக்குப் பணம் வாங்குகிறவர்களிடம் கிரயம் தனி, உடன்படிக்கை தனி என்றுதான் எழுதி வாங்குகிறார்கள். பல இடங்களில் உடன்படிக்கையே கிடையாது, வாய்வார்த்தைதான்.

வங்கியில் நானும் ஈக்விட்டியின் பெயரைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். மூலப்பத்திரத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தாலே அடமானம் என்பது 1783-ல் சான்சரி ஏற்றுக்கொண்டது. நாங்கள் அதை 'ஈ.எம்.' என்போம், ஈக்விடபிள் மார்ட்கேஜ். இப்போது எல்லோரும் எம்.ஓ.டி. என்கிறார்கள். எத்தனை பேருடைய பத்திரங்களை வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பேன். தவணை தவறியவர்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன், ரூல் அப்படி இருக்கு சார், நான் என்ன பண்ணட்டும்.

தாத்தாவின் உடன்படிக்கைத் தாள் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலால் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நெல் இத்தனை மூட்டை, வைக்கோல், மாடு விற்றது, அத்தை புருஷன் கொடுத்தது 150. கூட்டுத்தொகை 1,800-க்கு மேல் 35 ரூபாய் வருகிறது. அந்த 35-க்கு நேராக 'பத்திரச் செலவு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.